மைசூருக்கு எந்த எண் கொடுப்பது?

விடிவதற்கு முன்பே தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் ஜீப்புகள் நிறைந்துவிடும். சாப்பாட்டுத் தூக்கு, தலைத்துண்டு, மழைக்குப் பிளாஸ்டிக் தாள் என்று ஏறி உட்காரும் பெண்கள் கம்பமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயும்போது திரும்புவார்கள். என்னிடம் புள்ளியியல் படித்த மாணவி ஒருத்தியின் அம்மாவும் அந்த ஜீப்பில் போகிறவர்தான். அந்த வழியிலேயே பழக்கம் பிடித்து, அவள் தன் முதுகலை ஆய்வுக்குத் தோட்டம் தோட்டமாகப் போய் விளைச்சல் கணக்கை எழுதி வந்தாள். அட்டவணையில் ஏலச்செடியின் ‘வகை’ என்று ஒரு பத்தி. மலபார் என்றால் 1, மைசூர் என்றால் 2, வழுக்கா என்றால் 3.

“கம்ப்யூட்டர் சொல்லுது சார், வகை ஒண்ணு கூடுனா ஹெக்டேருக்கு 45 கிலோ கூடுதாம். வகை எப்படி சார் கூடும்?”

இருபது வருடப் பாடத்தில் இவ்வளவு நல்ல கேள்வி எனக்கு அடிக்கடி வாய்த்ததில்லை. எடை, உயரம், மழை எல்லாம் கூடும், குறையும். ஏலச்செடியின் வகை கூடாது. பூவும் காயும் பிடிக்கும் சரம் மலபாரில் தரையோடு படர்ந்து கிடக்கும், மைசூரின் சரம் நிமிர்ந்து நிற்கும், அவை இரண்டும் இயற்கையாகக் கலந்து பிறந்த வழுக்காவின் சரம் பாதி நிமிர்ந்து பாதி சாய்ந்திருக்கும். இவை பெயர்கள். இப்படிப் பெயராக மட்டும் வரும் தகவலைப் பண்பு மாறி என்கிறோம். நோயாளியின் ரத்த வகை, வாக்காளரின் தொகுதி, மாணவரின் பயிற்றுமொழி, மண்ணின் நிறம் என்று எந்த ஆய்வுத்துறையைத் திறந்தாலும் பாதிக்குப் பாதி இதுதான் கிடக்கும். ஆனால் சமன்பாட்டுக்குப் பெயர் புரியாது, எண் வேண்டும். பெயரை எப்படி எண்ணாக்குவது என்பதில்தான் சிக்கலே.

அவளுடைய அட்டவணையை இங்கே தரவில்லை. கணக்கு விளங்குவதற்காக, அதே 45 வரும்படி முழு எண்களாக நானே வைத்துக்கொள்கிறேன். மூன்று வகைக்கும் சம எண்ணிக்கையில் பாத்திகள். சராசரி விளைச்சல் மலபாருக்கு 250 கிலோ, மைசூருக்கு 400, வழுக்காவுக்கு 340. 1, 2, 3 என்று கொடுத்து ஒரு நேர்கோட்டைப் பொருத்தினால் அதன் சாய்வு, அதாவது எண் ஒன்று கூடும்போது விளைச்சல் கூடும் அளவு, 45 வரும். கோட்டின்படி மலபார் 285, மைசூர் 330, வழுக்கா 375. ஒன்றுகூட உண்மையோடு ஒட்டவில்லை. நிஜத்தில் முதலிடத்தில் இருக்கும் மைசூர், கோட்டில் வழுக்காவுக்குக் கீழே போய்விட்டது. இப்போது எண்ணை மட்டும் மாற்றுங்கள்: மைசூர் 1, மலபார் 2, வழுக்கா 3. சாய்வு கழித்தல் 30 ஆகிவிடும். மலையில் ஒரு செடிகூட அசையவில்லை, மேசையில் எண் மாறியதும் ஏற்றம் இறக்கமானது. 1, 2, 3 என்று எழுதியபோதே, மலபாருக்கும் மைசூருக்கும் உள்ள தூரமும் மைசூருக்கும் வழுக்காவுக்கும் உள்ள தூரமும் ஒன்று என்று கணினியிடம் நாம் சொல்லிவிட்டோம். அதை அது அப்படியே நம்பியது.

இதற்கு வழி எளியது. ஒரு பத்தியை உடைத்து ஆம்-இல்லைக் கேள்விகளாக்க வேண்டும். ‘மைசூரா?’ ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. ‘வழுக்காவா?’ அதற்கும் அப்படியே. இரண்டிலும் 0 இருந்தால் அந்தப் பாத்தி மலபார். இந்த 0, 1 பத்திகளைச் சுட்டு மாறிகள் என்பார்கள். போலி மாறி என்றும் ஒரு பெயர் உண்டு, எனக்கு அது பிடிக்காது. அதில் போலி எதுவும் இல்லை. இனி சமன்பாடு சொல்வது இதுதான்: 250, மைசூரானால் 150 கூட்டு, வழுக்காவானால் 90 கூட்டு. மூன்று சராசரியும் அப்படியே கிடைக்கின்றன. எந்த வரிசையும் யார்மீதும் திணிக்கப்படவில்லை.

மூன்று வகைக்கு இரண்டு பத்தி போதுமா என்று கேட்பார்கள். மூன்றாவதைச் சேர்த்தால்தான் சங்கடம். எந்தப் பாத்தியை எடுத்தாலும் மூன்று பத்திகளின் கூட்டுத்தொகை 1 ஆகிவிடும், சமன்பாட்டின் மாறிலியும் (மேலே 250 என்று தனியாக நின்ற எண்) அதே வேலையைத்தான் செய்கிறது. மாறிலி 0 என்று வைத்து 250, 400, 340 எனலாம். மாறிலி 100 என்று வைத்து 150, 300, 240 எனலாம். எல்லாம் ஒரே விடை. எண்ணற்ற தீர்வுகளில் எதைச் சொல்வது என்று தெரியாமல் கணக்கு நின்றுவிடும். அதனால் ஒரு வகையை அடிப்படையாக விட்டுவிட்டு மற்றவற்றை அதோடு ஒப்பிடுகிறோம். வழுக்காவை அடிப்படையாக்கினால் மாறிலி 340, மலபாருக்குக் கழித்தல் 90, மைசூருக்குக் கூட்டல் 60. கணிப்புகள் மாறுவதில்லை, பேச்சு மாறும். எதை அடிப்படையாக வைத்தோம் என்று எழுதாமல் ‘மைசூருக்கு 60’ என்று மட்டும் அறிக்கையில் போட்டால் படிப்பவருக்கு அது ஒன்றும் சொல்லாது. அந்த ஒரு வரி விடுபட்ட அறிக்கைகளை நிறையப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

இந்த யோசனை வயலில்தான் வேர்விட்டது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், வினிஃப்ரெட் மெக்கென்சியோடு சேர்ந்து 1923இல் வெளியிட்ட ஆய்வு, 12 உருளைக்கிழங்கு வகைகளையும் அவற்றுக்கு இட்ட உரங்களையும் பற்றியது. வகையும் பெயர், உரமும் பெயர். விளைச்சலின் ஏற்றத்தாழ்வில் எவ்வளவு வகையால், எவ்வளவு உரத்தால், எவ்வளவு தற்செயலால் என்று பிரித்துக் காட்டிய அந்த முறைதான் மாறுபாட்டுப் பகுப்பாய்வு. பொருளியலில் சுட்டு மாறிகளைச் சமன்பாட்டுக்குள் எப்படி வைப்பது என்று டேனியல் சூட்ஸ் 1957இல் தெளிவாக எழுதினார். வேறு துறை, வேறு பெயர், உள்ளே ஓடுவது ஒரே கணக்கு.

எங்கள் மலைக்குத் திரும்புவோம். இங்கே இன்னொரு பண்பு மாறி உண்டு, மலையின் எந்தச் சரிவு என்பது. குமுளிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிழக்குச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய ஆதாரம். மலபார் வகை சற்றுத் தாழ்ந்த உயரத்திலும் குறைந்த மழையிலும் தாக்குப்பிடிக்கும். மைசூருக்கு மழை சீராக வேண்டும். அப்படியானால் ‘மைசூர் 150 கிலோ கூடுதல்’ என்ற ஒரே எண் இரண்டு சரிவுக்கும் எப்படிப் பொருந்தும்? ‘மைசூரா’ பத்தியையும் ‘கிழக்குச் சரிவா’ பத்தியையும் பெருக்கிப் புதிதாக ஒரு பத்தி போட வேண்டும். இரண்டும் 1 ஆக இருக்கும் பாத்தியில் மட்டுமே அது 1 ஆகும். கிழக்கே போனால் மைசூரின் முன்னிலை எவ்வளவு கரைகிறது என்பதை அந்தப் பத்தியின் கெழு, அதாவது சமன்பாட்டில் அதைப் பெருக்கும் எண், சொல்லும். மருத்துவத்தில் ‘இந்த மருந்து பெண்களுக்கு வேறுவிதமாக வேலை செய்கிறதா’ என்று கேட்பதும் இதே பெருக்கல்தான்.

சில பெயர்களுக்கு வரிசை உண்டு. போடிநாயக்கனூரில் ஏலக்காயைத் தரம் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஓட்டையின் அளவு வெவ்வேறான சல்லடைகள் இருக்கும், காய் எதில் நிற்கிறது, எதில் விழுகிறது என்பதை வைத்துத் தரம். பெரியது, நடுத்தரம், சிறியது என்ற பெயர்களுக்குப் பின்னால் மில்லிமீட்டரில் ஓடும் தொடர்ச்சியான அளவு ஒன்று இருக்கிறது. சல்லடைதான் அதைத் துண்டாக்குகிறது.

இப்போது, காய்களை நீங்கள் பார்க்கவில்லை, தரச்சீட்டு மட்டும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சல்லடையின் ஓட்டை எவ்வளவு என்றும் தெரியாது. ஓட்டைகள் சம இடைவெளியில் இருக்கும் என்று நம்பக் காரணமில்லை, எனவே 1, 2, 3 போட முடியாது. வெறும் சுட்டு மாறியாக்கினால் வரிசை என்ற நல்ல தகவல் வீணாகிறது. புள்ளியியலாளர் பீட்டர் மெக்கல்லா 1980இல் வகுத்துத் தந்த ‘வரிசை மாதிரி’ என்ற சமன்பாட்டு முறை இந்த இடத்தில்தான் அழகாக வேலை செய்கிறது. மறைவாக ஒரு தொடர் அளவு இருப்பதாக அதை விளங்கிக்கொள்ளலாம். மழை, வகை, செடியின் வயது ஆகியவை அந்த அளவை எவ்வளவு தள்ளுகின்றன என்பதோடு, சல்லடை ஓட்டைகள் எங்கெங்கே இருந்திருக்க வேண்டும் என்பதையும் தரவிலிருந்தே மதிப்பிடுகிறது. ‘வலி லேசா, நடுத்தரமா, கடுமையா’ என்று ஆஸ்பத்திரியில் கேட்பதற்கும், ‘திருப்தி, பரவாயில்லை, அதிருப்தி’ என்ற கருத்துக்கணிப்புக்கும் பொருந்துவது இதுவே. வலிக்குச் சல்லடை பிடிப்பவர் நோயாளி. ஒவ்வொருவர் சல்லடையும் ஒரே மாதிரியா என்பது அதற்கு மேலும் ஒரு கேள்வி.

விடையே பெயராக இருப்பதும் உண்டு. மழைக்காலத்தில் ஏலத்துக்கு வரும் அழுகல் நோய் இந்தச் செடியில் இருக்கிறதா, இல்லையா? நேர்கோடு வைத்தால் வாய்ப்பு 1ஐத் தாண்டியும் 0க்குக் கீழேயும் போய்விடும். அதனால் 100 செடியில் 20 அழுகினால் 20க்கு 80, அதாவது 0.25 என்ற விகிதத்தை எடுத்து, அதன் மடக்கையை (log) சமன்பாட்டில் வைக்கிறோம்; அது எவ்வளவு கூடினாலும் குறைந்தாலும் வாய்ப்பு 0க்கும் 1க்கும் நடுவிலேயே நிற்கும். இரண்டுக்கு மேற்பட்ட தேர்வுகளுக்கும் வழி இருக்கிறது. பஸ்ஸா, காரா, ரயிலா என்று மக்கள் தேர்ந்தெடுப்பதற்கு மாதிரி அமைத்த பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடன், சான் பிரான்சிஸ்கோ பகுதியில் புது ரயில் முழுதாக ஓடத் தொடங்குமுன்பே அதில் எத்தனை பங்கு மக்கள் ஏறுவார்கள் என்று கணித்தார். 2000ஆம் ஆண்டு பொருளியல் நோபல் பரிசு அவருக்கும் ஜேம்ஸ் ஹெக்மனுக்கும் கிடைத்தது.

ஒரு பண்பு மாறியை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1973இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக முதுநிலைச் சேர்க்கையைச் சொல்வார்கள். விண்ணப்பித்த ஆண்களில் ஏறக்குறைய 44 சதவீதம் பேருக்கு இடம், பெண்களில் 35. துறை என்ற பத்தியைச் சேர்த்துப் பார்த்ததும் அந்த இடைவெளி பெரும்பாலும் கரைந்தது, சிறிது பெண்கள் பக்கமே சாய்ந்தது. இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் எல்லாம் சரி என்று இதற்குப் பொருளில்லை. பெண்கள் ஏன் அந்தத் துறைகளில் குவிந்தார்கள் என்ற அடுத்த கேள்வியை எந்தச் சமன்பாடும் தானாகக் கேட்டுக்கொள்ளாது.

பெயர்ப்பட்டியலே எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு இதில் மிக முக்கியம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்று மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சரிபார்த்து 1,369 தாய்மொழிகளாக்கினார்கள். வகைப்படுத்த முடியாத 1,474 பெயர்கள் ‘மற்றவை’யில் சேர்ந்தன. பின்பு அந்தத் தாய்மொழிகள் 121 மொழிகளுக்குள் அடங்கின. பீர்மேட்டிலோ தேவிகுளத்திலோ ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பாட்டியிடம் தமிழும் பள்ளித் தோழியிடம் மலையாளமும் பேசும் குழந்தைக்கு அந்தப் படிவத்தில் தாய்மொழிக் கட்டம் ஒன்றுதான். தெரிந்த வேறு இரண்டு மொழிகளுக்கும் இடம் தருகிறார்கள், நல்லது. ஆனால் ஆய்வாளர் பெரும்பாலும் முதல் கட்டத்தை மட்டும் எடுத்து 0, 1 ஆக்குவார். அந்த நொடியில் அந்த வீட்டின் பாதிப் பேச்சு கணக்கிலிருந்து போய்விடுகிறது. எவ்வளவு நுட்பமான மாதிரியும் பின்னால் வந்து அதை மீட்க முடியாது.

என் மாணவியின் அட்டவணையிலும் அப்படி ஒரு பத்தி இருந்தது. சில பாத்திகளில் வகை என்ன என்று தோட்டக்காரருக்கே நிச்சயமில்லை. கலப்புச் செடிகள். அவள் அவற்றையெல்லாம் மலபாரில் சேர்த்திருந்தாள்.

“ஏம்மா மலபார்?”

“ஏதாச்சும் ஒண்ணு போடணும்ல சார்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவோடு ஜீப்பில் ஏறினாள். அந்தப் பாத்திகளில் அம்மா குனிந்து, தூரடியில் சரத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, இவள் எழுதினாள். சில செடிகளுக்கு அம்மாவும் கங்காணியும் வேறு வேறு பெயர் சொன்னார்களாம். திங்கட்கிழமை கொண்டுவந்த அட்டவணையில் ‘வகை’க்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி இருந்தது. தலைப்பு: ‘சொன்னது யார்’. அதன் கீழே எண் எதுவும் இல்லை. அம்மா, கங்காணி, முதலாளி என்று பெயராகவே எழுதியிருந்தாள்.