விளக்கெண்ணெய் குடித்த போர் விமானங்கள்

"முதல் உலகப் போரில் விமானங்கள் விளக்கெண்ணெயில் ஓடினவாமே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஓடியது பெட்ரோலில்தான். விளக்கெண்ணெய் உயவுக்கு. ஆனால் ஏன் விளக்கெண்ணெய்?

1916 ஏப்ரலில் அமெரிக்கத் தன்னார்வ விமானிகளுக்கென்று பிரான்ஸ் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. அமெரிக்கா அப்போது நடுநிலை நாடு. ஜெர்மனி ஆட்சேபிக்கவே, பெயரிலிருந்த 'அமெரிக்க' போய், அமெரிக்க விடுதலைப் போரில் உதவிய பிரெஞ்சுத் தளபதியின் பெயரான 'லஃபாயெத்' வந்தது. அவர்கள் ஓட்டியது நியூபோர் 11 என்ற குட்டி விமானம். மூக்கில் 80 குதிரைத்திறன் லெ ரோன் என்ஜின், வட்டமாக ஒன்பது சிலிண்டர்கள்.

பைக்கில் சிலிண்டர் அசையாது, கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் வளைந்த தண்டு) சுற்றும். இதில் தலைகீழ். கிராங்க் ஷாஃப்ட் விமானத்தின் உடலோடு பூட்டப்பட்டிருக்கும். சிலிண்டர்கள் அத்தனையும் முன்விசிறியோடு சேர்ந்து நொடிக்குச் சுமார் 20 தடவை சுற்றும். சுற்றுகிற வேகத்தில் தானே குளிர்ந்துவிடும். ரேடியேட்டர் வேண்டாம், சுழற்சியைச் சீராக்கும் ஃப்ளைவீல் வேண்டாம், எடை மிச்சம்.

எனக்குப் பிடித்த இடமே இனிமேல்தான். சிலிண்டர்கள் ஷாஃப்டின் மையத்தைச் சுற்றுகின்றன. பிஸ்டன்களோ, அதிலிருந்து 7 செ.மீ. தள்ளியிருக்கும் கிராங்க் முளையை, அதாவது பிஸ்டன் தண்டுகள் மாட்டியிருக்கும் இடத்தை, சுற்றுகின்றன. தரையில் நின்று பார்த்தால் பிஸ்டன் முன்னும் பின்னும் போவதே இல்லை, வட்டமடிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு வட்டங்களுக்கும் மையம் வேறல்லவா? ஒரு பக்கம் வரும்போது பிஸ்டன் சிலிண்டரின் தலையை நெருங்கும், எதிர்ப்பக்கம் போனால் விலகும். 7-ஐ இரட்டித்தால் 14 செ.மீ. ஸ்ட்ரோக், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் நகரும் தூரம்!

சரி, சுற்றுகிற சிலிண்டருக்குப் பெட்ரோலை எப்படிக் கொண்டுபோவது? உள்ளீடற்ற ஷாஃப்ட் வழியாக என்ஜினின் வயிற்றுக்குள் வந்து, அங்கிருந்து செப்புக் குழாய்களில் ஏறும். எண்ணெயும் அதே வயிற்றில்தான் இருக்கிறது. கனிம எண்ணெயாக இருந்தால் பெட்ரோலில் கரைந்து நீர்த்துப்போகும். விளக்கெண்ணெயிலுள்ள ரிசினோலிக் அமிலத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த துணுக்கு) இருப்பதால் அது பெட்ரோலோடு லேசில் கலக்காது, பிசுபிசுப்பும் குறையாது.

சுழற்சியில் வெளியே வீசப்படும் எண்ணெய் டேங்குக்குத் திரும்புவதில்லை, புகையோடு போகும். பின்னால் உட்கார்ந்திருக்கும் விமானியின் முகத்தில், கண்ணாடியில், மூக்கில்! பேதி ஆனது என்று கதைகள் உண்டு. எல்லாவற்றையும் நான் நம்பமாட்டேன். விளக்கெண்ணெய் குடலில் எந்த ஏற்பியை (செல்லில் வேதிச் சேதியை வாங்கும் புரதம்) தூண்டுகிறது என்பதே 2012-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் சொல்லித்தான் தெரிந்தது. இதற்கெல்லாமா ஆராய்ச்சிப் பணம் என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறைய. கொடுக்கலாம் என்பது என் கட்சி.

லஃபாயெத் பிரிவு பின்னர் ஸ்பேட் விமானங்களுக்கு மாறியது. அவற்றில் இருந்தது தண்ணீரால் குளிரும், அசையாத ஹிஸ்பானோ-சுயிசா என்ஜின். வேகம் கூடக்கூட, காற்றைக் கிழித்துச் சுற்றுவதற்கே சுழலும் என்ஜின் தன் திறனில் பெரும்பங்கைத் தின்றது. 1920-களில் அதன் காலம் முடிந்தது.