கார்ட்ரிட்ஜ் வாங்கும் முன் முள்ளைப் பாருங்கள்

போன மாதம் ஒரு தம்பி தன் டர்ன்டேபிளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, கார்ட்ரிட்ஜ் போயிடுச்சு. கையில் கொஞ்சம்தான் பணம் இருக்கு. அதுக்குள்ள நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்றார். கார்ட்ரிட்ஜ் என்பது டர்ன்டேபிளின் கை என்று சொல்லும் நீண்ட தண்டின் முனையில், முள்ளோடு இருக்கும் சிறு பெட்டி; முள்ளின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது அதுதான். போய்விட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ரெக்கார்டின் முதல் பாட்டு நன்றாக இருக்கிறது, உள்ளே போகப் போகக் குரல் கரகரக்கிறது, 'ஸ' வரும் இடமெல்லாம் சீறுகிறது என்றார். இரண்டு காதிலும் ஒலி வருகிறதா? வருகிறது. ஒரே அளவில் வருகிறதா? ஆமாம்.

அப்படியென்றால் கார்ட்ரிட்ஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. முள்ளை மட்டும் கழற்றி மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தேன். புது முள்ளின் முனை வழுவழுப்பாக, உருண்டு இருக்கும். விளக்கை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அதன் மேல் ஒளி ஒரு சிறு புள்ளியாக நழுவிப் போகும். இவருடைய முள்ளில் அந்தப் புள்ளி நழுவவில்லை. முனையின் இடமும் வலமும் குட்டி ஜன்னல்கள்போல இரண்டு தட்டையான இடங்கள் பளிச்சென்று மின்னின. முனையைத் தாங்கும் மெல்லிய குச்சியான கான்டிலீவரின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு உருண்டை ஒட்டியிருந்தது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "இதை வச்சா இவ்வளவு நாளா ஓட்டிட்டு இருந்தேன்?" என்றார்.

அவர் முழு கார்ட்ரிட்ஜ் வாங்கவில்லை. அதே மாடலுக்கான முள்ளை மட்டும் வாங்கினார். வைத்திருந்த பணத்தில் பாதிக்கு மேல் மிச்சம்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், இப்படி வருகிறவர்கள் நிறையப் பேர் முதலிலேயே பணத்தைச் செலவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். எம்.எம். என்று சொல்லப்படும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் இரண்டு பாகமாக இருக்கும். கம்பிச் சுருள்கள் இருக்கும் உடல் ஒன்று. வைரமுனை, கான்டிலீவர், அதைப் பிடித்து நிற்கும் ரப்பர், சின்னக் காந்தம் எல்லாம் சேர்ந்து கையால் இழுத்துக் கழற்றக்கூடிய முள் இன்னொன்று. பாட்டு ஓட ஓடத் தேய்வது வைரம்; வருடம் போகப் போக இறுகிப்போவது ரப்பர். இரண்டுமே முள்ளோடு சேர்ந்து மாறிவிடும். சுருள் பாட்டு கேட்பதால் தேயாது. அதனால் கையில் பணம் குறைவு என்றால் முதல் கேள்வி 'எந்த கார்ட்ரிட்ஜ்' இல்லை. 'இந்த உடலுக்கு முள் கிடைக்குமா' என்பதுதான். ஒரே ஒரு விதிவிலக்கு: ஆரம்ப நிலைக் கார்ட்ரிட்ஜ் சிலவற்றில் முள்ளின் விலையும் முழுக் கார்ட்ரிட்ஜின் விலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். அங்கே முழுசாக வாங்கிவிடுவதே லாபம்.

ஒரு பக்கம் ஒலியே வரவில்லை என்றால் வேறு கதை. அப்போதும் கார்ட்ரிட்ஜ் மேல் பழி போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, கார்ட்ரிட்ஜின் பின்னால் இருக்கும் நான்கு ஒயர்களைப் பாருங்கள். வெள்ளையும் நீலமும் இடப்பக்கம், சிவப்பும் பச்சையும் வலப்பக்கம். வெள்ளையைச் சிவப்பின் இடத்திலும், நீலத்தைப் பச்சையின் இடத்திலும் மாற்றிச் செருகி ஓட்டுங்கள். ஊமையாக இருந்த பக்கம் மறுபக்கத்துக்குத் தாவினால் கார்ட்ரிட்ஜில் கோளாறு. தாவாமல் அதே பக்கம் நின்றால் ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜைத் திருகிப் பொருத்தும் தலைப்பகுதி) முனைகளிலோ, ஒயரிலோ, ஆம்ப்ளிஃபயரிலோ கோளாறு. ஹெட்ஷெல்லின் பித்தளை முனைகளைச் சுத்தம் செய்த உடனே உயிர் வந்த கார்ட்ரிட்ஜுகளை எண்ணி முடியாது. ஒயரை இழுக்கும்போது கம்பியைப் பிடிக்காமல் முனையில் இருக்கும் உலோகக் கவ்வியை இடுக்கியால் பிடித்து இழுங்கள்.

சரி, முள்ளை எப்போது மாற்றுவது? நல்ல வைரமுனைக்குப் பெரும்பாலும் 500 முதல் 1000 மணி நேரம் வரை ஆயுள் சொல்கிறார்கள். ஒரு எல்.பி. இரண்டு பக்கமும் சேர்த்து 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஒன்று கேட்டால் 500 மணி நேரம் முடிய இரண்டு வருடம் ஆகும். தூசி தட்டாமல் ஓட்டினால் இந்தக் கணக்கு சுருங்கும். வாங்கிப் பத்து வருடமாக முள்ளையே மாற்றவில்லை என்று சொல்பவர்களிடம் நான் ரெக்கார்டுகளையும் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது வழக்கம், ஏனென்றால் சேதம் அங்கே இருக்கும். தேய்ந்த வைரத்தின் தட்டையான இடத்துக்கு ஓரம் உண்டு, அந்த ஓரம் உளிபோலக் கூர்மை. அது ரெக்கார்டில் பாட்டு பதிந்திருக்கும் தடத்தின் சுவரைச் செதுக்கிக்கொண்டே போகும். அப்படிச் செதுக்கப்பட்ட ரெக்கார்டில் எவ்வளவு விலை உயர்ந்த முள்ளை வைத்தாலும் போன ஒலி திரும்ப வராது. முள்ளை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். நாற்பது வருடத்துக்கு முன் அச்சான ஒரு ரெக்கார்டை அப்படி வாங்க முடியாது.

கரகரப்பு ஏன் உள்பக்கத்தில் முதலில் தெரிகிறது என்றால், தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில் சுற்றினாலும் வெளி ஓரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. தடம் முள்ளின் கீழே ஓடுகிறது; கடைசிப் பாட்டில் அது 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அதே ஒலி அலையை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிப் பதிந்திருப்பார்கள். தடித்துப் போன முனையால் அந்த நெருக்கத்துக்குள் நுழைய முடியாது. அதனால் முள்ளைச் சோதிக்க வேண்டுமென்றால் ரெக்கார்டின் கடைசிப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள்.

இனி, உண்மையிலேயே புதுக் கார்ட்ரிட்ஜ்தான் வேண்டும் என்கிற நிலைக்கு வருவோம். முதலில் உங்கள் பிளேயர் எதை ஏற்கும் என்று பாருங்கள். பெட்டி மாதிரி மூடித் தூக்கிப்போகும் சிறு பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதன் கையில் பின்பாரம் (பின்முனையில் சமன் செய்யும் எடை) கிடையாது, முள்ளின் அழுத்தமும் 4 முதல் 6 கிராம் வரை போகும். அதில் எம்.எம். கார்ட்ரிட்ஜைப் பொருத்த முடியாது; பொருத்தினாலும் உள்ளே இருக்கும் மின்சுற்று அதற்கானது இல்லை. அங்கே முள்ளைத் தவறாமல் மாற்றுவதுதான் செய்யக்கூடியது. கையின் முனையில் திருகே இல்லாமல் நான்கு ஊசிகளோடு நேராகச் செருகும் வகை என்றால் அது பி-மவுன்ட், 1.25 கிராம் அழுத்தம் என்று முன்பே வகுத்து வைத்த அமைப்பு. மற்றபடி இரண்டு திருகுகளுக்கு நடுவே 12.7 மி.மீ. இடைவெளி இருந்தால் சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான கார்ட்ரிட்ஜுகள் உட்காரும்.

அப்புறம் முனையின் வடிவம். பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால் நான் காட்டும் இடம் இதுதான். கூம்பு முனை பந்து மாதிரி உருண்டிருக்கும், ஆரம் 15 முதல் 18 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). விலை குறைவு, பொருத்துவதில் சிறு பிழை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் உள்பக்கப் பாட்டுகளில் திணறும். நீள்வட்ட முனையின் பக்கவாட்டு ஆரம் 8 மைக்ரான் அளவு. நெருக்கமான அலைகளுக்குள் போய்வரும். மைக்ரோலைன், ஷிபாட்டா போன்றவை இன்னும் நுணுக்கமாகத் தீட்டப்பட்டவை. சுவரை நீளவாக்கில் தொடுவதால் பாரம் பரவுகிறது. ஷிபாட்டா முனை 1970களில் நான்கு ஒலிபெருக்கி முறையில் பதிந்த ரெக்கார்டுகளுக்காக ஜப்பானில் உருவானது. காதுக்கு எட்டாத உயர் அதிர்வுகளைக்கூட அது தடத்திலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. ஒரே தொகைக்குப் பெரிய பெயர் பொறித்த கூம்பு முனையும், சாதாரண உடலில் நல்ல நீள்வட்ட முனையும் கிடைத்தால் யோசிக்காமல் இரண்டாவதை எடுங்கள். 78 வேக ரெக்கார்டு வைத்திருப்பவர்களுக்குத் தனி முள் கட்டாயம் வேண்டும். அதன் தடம் அகலமானது, ஏறத்தாழ 75 மைக்ரான் முனை கேட்கும். எல்.பி. முள்ளை வைத்தால் அடியில் இருக்கும் குப்பையில் உரசிக்கொண்டு ஓடும்.

பணம் குறைவாக இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஒரே உடலில் பல முட்கள் மாற்றக்கூடிய குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று. ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் கூம்பு முனையிலிருந்து மைக்ரோலைன், ஷிபாட்டா வரை எல்லா முட்களும் ஒரே உடலில் ஏறும். 78 வேக முள்கூட உண்டு. ஆர்ட்டோஃபோனின் 2எம் ரெட் உடலில் 2எம் புளூவின் முள்ளைப் போடலாம். இன்று எளிய முள்ளோடு தொடங்கி, அது தேய்ந்ததும் ஒரு படி மேலே போகலாம். உடலுக்கு மறுபடி பணம் கொடுக்க வேண்டாம், ஹெட்ஷெல்லில் திருகைத் தொடவும் வேண்டாம்.

கையும் கார்ட்ரிட்ஜும் ஒத்துப்போகிறதா என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். கையின் இயங்கு நிறை (அசையும்போது முள் உணரும் கையின் எடை), கார்ட்ரிட்ஜின் எடை, திருகின் எடை மூன்றையும் கூட்டி, கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸ் எண்ணால் (முள் எவ்வளவு மென்மையாக வளைந்து கொடுக்கிறது என்பதன் அளவு) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதால் வகுக்க வேண்டும். கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து இயல்பாக அதிரும் வேகம் அதில் வரும். 12 கிராம் கை, 7 கிராம் கார்ட்ரிட்ஜ், 1 கிராம் திருகு, கம்ப்ளையன்ஸ் 15 என்றால் 9 ஹெர்ட்ஸ் சொச்சம் வரும். 8 முதல் 12க்குள் இருந்தால் நிம்மதி. கனமான கையில் மிக மென்மையான கார்ட்ரிட்ஜைப் போட்டு 5 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டால், கொஞ்சம் வளைந்த ரெக்கார்டு வந்தாலே முள் தள்ளாடும், யாராவது அறையில் நடந்தாலும் அதிரும். ஜப்பானியத் தயாரிப்புகளில் கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து போடுவது வழக்கம். மேலே சொன்ன கணக்குக்கு 10 ஹெர்ட்ஸ் அளவு வேண்டும், அது அதைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கும்.

காந்தத்துக்குப் பதிலாகச் சுருள் அசையும் மூவிங் காயில் வகையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இப்போதைக்கு வேண்டாம். பெரும்பாலானவை தரும் மின்னழுத்தம் அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழே, அதற்கென்று தனி ப்ரீஆம்ப் (சிறு மின்னழுத்தத்தை முதலில் பெருக்கும் கருவி) வேண்டும். முள் தேய்ந்தால் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டியிருக்கும்.

பழைய சரக்கு விஷயத்தில் மட்டும் கவனம். 'பெட்டி பிரிக்காத பழைய முள்' என்று ஆசை காட்டி விற்பார்கள். வைரம் புதுசாக இருக்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் ரப்பருக்குப் பெட்டி பிரிக்காதது தெரியாது. முப்பது வருடத்தில் இறுகிவிடும், சிலவற்றில் தளர்ந்து கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டில் உரசும். ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அதனால் அந்தப் பெயரில் இன்று புத்தம் புதிதாக மலிவாக எதையாவது யாராவது நீட்டினால் இரண்டு முறை யோசியுங்கள். நல்ல ஷூர் உடல் கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். தையல் ஊசியில் தொடங்கி இன்று முள் செய்யும் ஜப்பானின் ஜிகோ, நின்றுபோன பல மாடல்களுக்கு நல்ல முள் தருகிறது. பயன்படுத்திய கார்ட்ரிட்ஜ் வாங்கலாம், உடலுக்காக மட்டும். அதில் இருக்கும் முள் எத்தனை மணி நேரம் ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது.

வாங்கும் தொகையில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். முள் அழுத்தம் அளக்கும் சிறிய டிஜிட்டல் தராசுக்காகத்தான். 2 கிராம் கேட்கும் முள்ளுக்கு, ரெக்கார்டு தேயுமே என்று பயந்து 1.3 கிராம் வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. அழுத்தம் குறைந்தால் முள் தடத்தைப் பிடிக்காமல் சுவருக்குச் சுவர் மோதும். அதனால் ஆகும் சேதம் சரியான அழுத்தத்தால் ஆவதைவிட அதிகம். தயாரிப்பாளர் சொல்லும் எல்லையின் நடுவிலோ சற்று மேலோ வையுங்கள். முள் தடத்துக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்கும் அளவுத் தாள் இலவசமாகவே கிடைக்கிறது. அச்செடுத்ததும் ஸ்கேல் வைத்து அளவு சுருங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதிகம் புழங்கும் பேர்வால்ட் முறையில் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. என இரண்டு புள்ளிகள் இருக்கும். இரண்டிலும் கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டு ஓரம் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலை. வாங்கி வந்த நீள்வட்ட முனைக்கு முழுப் பலன் இந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

தம்பியின் டர்ன்டேபிளில் புது முள்ளைப் பொருத்தி, அழுத்தம் வைத்து, அவர் கொண்டுவந்த ரெக்கார்டின் கடைசிப் பாட்டைப் போட்டோம். சீறல் பெரும்பாலும் போயிருந்தது. இரண்டு இடத்தில் மட்டும் நிற்கவில்லை. அது பழைய முள் செதுக்கிவிட்டுப் போனது. ஒரு துண்டுத் தாளில் அன்றைய தேதியையும் '2 கிராம்' என்பதையும் எழுதி டர்ன்டேபிளின் அடியில் ஒட்டிக் கொடுத்தேன். இனிமேல் ஒவ்வொரு ரெக்கார்டு முடிந்ததும் அதன் பக்கத்தில் ஒரு கோடு போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.