‘ஒருங்கிணைந்த வரைபட அட்டை’ என்று ஒரு பொருளே கிடையாது

விலை குறைந்த மேசைக் கணினிச் செயலிகளை (பிராசசர்) பற்றித் தமிழில் வரும் மதிப்பாய்வுகளில் ஒரு தொடர் விடாமல் வந்துகொண்டே இருக்கிறது: “இந்தச் செயலியில் ஒருங்கிணைந்த வரைபட அட்டை உள்ளது.” ‘இன்டகிரேட்டட் கிராபிக்ஸ்’ என்பதைத்தான் இப்படிப் பெயர்க்கிறார்கள்: திரையில் படம் காட்டும் வேலைக்காகச் செயலிக்குள்ளேயே இருக்கும் பகுதி. அந்தப் பொருளில் வரைபடமும் இல்லை, அட்டையும் இல்லை. வரைபடம் என்றால் நிலப்படம், அல்லது கணக்கில் போடும் கோட்டுப்படம். கிராபிக்ஸுக்கு வரைகலை என்ற நல்ல சொல் பல ஆண்டுகளாகப் புழங்குகிறது. அட்டை என்பது தாய்ப்பலகையில் (மதர்போர்டு) தனியாகச் செருகுவது. இந்த இரண்டு பிழைகளையும் யாரும் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். ‘ஒருங்கிணைந்த’தான் சிக்கல். அதைச் சரி என்றே பலரும் நினைக்கிறார்கள்.

மூலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இன்டகிரேட் என்ற ஆங்கில வினை, முழுமையானது என்று பொருள்படும் ‘இன்டெகர்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கிராபிக்ஸ், எழுதுதல், கீறுதல் என்னும் பொருளுள்ள கிரேக்க வினையின் வழி வந்தது. செயலி நம் ஆக்கம்: செயல் என்பதோடு, ஒலிபெருக்கியில் இருக்கும் அதே இகர விகுதி.

இனி ‘ஒருங்கிணைந்த’ என்பதற்கு வருவோம். ஒருங்கு என்றால் ஒருசேர. தனித்தனி ஆட்களை ஒரே வேலைக்காகச் சேர்த்து நடத்துபவர் ஒருங்கிணைப்பாளர். ஒருங்கிணைந்த பண்ணையத்தில் பயிர், கால்நடை, மீன் எல்லாம் தனித்தனியாக இருந்துகொண்டே ஒன்றுக்கொன்று உதவுகின்றன. ஆக, இந்தச் சொல் பலவற்றின் கூட்டைச் சொல்கிறது. ஒன்றுக்குள் இன்னொன்று இருப்பதைச் சொல்லவில்லை. ‘ஒருங்கிணைந்த வரைகலை’ என்று படிக்கிறவர் பல வரைகலைகள் ஒன்றுசேர்ந்திருக்கின்றன என்று எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. தொடர் அப்படித்தான் பொருள் தருகிறது.

‘ஒருங்கிணைந்த சுற்று’ என்று பாடநூல்களிலேயே இருக்கிறதே என்று கேட்பார்கள். அங்கே அது பொருந்துகிறது. தனித்தனி டிரான்சிஸ்டர்களும் மின்தடைகளும் சேர்ந்துதான் ஒரே சுற்றானது. சேர்ந்து உண்டான முழுமைக்கு அந்த அடைமொழி. இங்கேயோ முழுமைக்குப் பெயர் செயலி. வரைகலை அதன் ஒரு பகுதி. பகுதிக்கு முழுமையின் அடைமொழியைச் சூட்டுவதுதான் குழப்பம்.

மறுதரப்புக்கு இன்னொரு வாதமும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. வரைகலைப் பகுதி செயலியோடு படிப்படியாகத்தான் சேர்ந்தது. 1999-ல் வந்த இன்டெல் 810 சிப்செட்டில், அதாவது செயலிக்குத் துணையான சில்லுத் தொகுதியில், அது தாய்ப்பலகையில் இருந்தது. 2010-ல் அதே நிறுவனத்தின் கிளார்க்டேல் செயலிகளில் ஒரே உறைக்குள் வந்தது, ஆனால் வேறு சில்லாக. 2011-ல் சாண்டி பிரிட்ஜ் செயலிகளில் இரண்டும் ஒரே சில்லில் அமைந்தன. 2006-ல் ஏடிஐ என்ற வரைகலை நிறுவனத்தை வாங்கியிருந்த போட்டி நிறுவனமான ஏஎம்டியும் அதே 2011-ல் இப்படிப்பட்ட லானோ செயலிகளைக் கொண்டுவந்தது. இணைந்தது உண்மைதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் அது பொருள் உருவான வரலாறு. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது, அது இப்போது எங்கே இருக்கிறது, எதை நம்பி இயங்குகிறது என்பதே.

அதற்கு ‘உள்ளமை வரைகலை’தான் சரியான சொல் என்பது என் முடிவு. வினைத்தொகையாக நிற்பதால் சுருக்கமாகவும் இருக்கிறது. உள்ளே அமைந்தது என்று கேட்டவுடன் அடுத்த கேள்விகள் தாமாக வருகின்றன. எதற்குள்ளே? செயலிக்குள்ளே. அப்படியானால் அதற்கு நினைவகம்? தனியாக இல்லை, கணினியின் ரேமிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

மதிப்பீட்டில் எல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது. 2018-ல் வந்த ஏஎம்டியின் ரைசன் 3 2200ஜி செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கருக்கள் (கோர்), வேகா 8 என்ற உள்ளமை வரைகலை. இப்படிப்பட்ட செயலிக்கு டிடிஆர்4-3200 ரேமை ஒரே குச்சியாகப் போட்டால் தரவு பாயும் உச்ச வேகம் நொடிக்கு 25.6 ஜிகாபைட்தான். இரண்டு குச்சிகளாகப் பிரித்து இரு தடங்களில் போட்டால் 51.2. என்விடியாவின் ஜிடி 1030 என்ற சிறிய அட்டையின் ஜிடிடிஆர்5 நினைவக வகை, நொடிக்கு 48 ஜிகாபைட் வேகத்தைத் தனக்கென்றே வைத்திருக்கிறது. இங்கேயோ அந்த 51.2-ஐயும் செயலியின் கருக்களோடு பங்குபோட வேண்டும். ஒரே குச்சியில் ஓட்டிப் பார்த்துவிட்டு “வரைகலை சுமார்” என்று தீர்ப்பு சொல்லும் மதிப்பாய்வுகள் செயலியை அளக்கவில்லை, ரேம் பற்றாக்குறையை அளக்கின்றன.

அப்புறம், இன்டெல் செயலிகளின் எண்களுக்குப் பின்னால் வரும் எஃப் எழுத்து. ஐ5-9400எஃப் போன்றவற்றில் வரைகலை முடக்கப்பட்டிருக்கும். தாய்ப்பலகையில் திரையை இணைக்கும் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் அதிலிருந்து படம் வராது. ‘உள்ளமை வரைகலை இல்லாதது’ என்று எழுதினால் காரணம் அந்தத் தொடரிலேயே விளங்கிவிடும்.

‘உட்பொதிந்த வரைகலை’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது வேறு துறைக்குப் போன சொல். சலவை இயந்திரத்துக்குள் இருக்கும் கணினிபோன்றவற்றுக்கு உட்பொதிந்த அமைப்பு என்று நிலைத்துவிட்டது. உள்ளமைவு என்பதைச் சில மென்பொருள் மொழிபெயர்ப்புகள் அமைப்புகளை மாற்றும் பக்கத்துக்குப் பெயராக்கியிருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. மாற்றியமைப்பதில் ‘உள்’ளுக்கு என்ன வேலை? நல்ல சொல்லைப் பொருந்தாத இடத்தில் செலவழித்துவிட்டு, பொருந்தும் இடத்தில் ‘ஒருங்கிணைந்த’ என்று நீட்டுகிறார்கள்.

எதிர்ச்சொல்லும் இதே கதிதான். தனி வரைகலை அட்டையைத் ‘தனித்துவமான கிராபிக்ஸ்’ என்கிறார்கள். தனித்துவம் என்பது வேறெவருக்கும் இல்லாத சிறப்பு. ஆயிரக்கணக்கில் ஒரே அச்சாகத் தயாராகும் அட்டைக்கு ஏது தனித்துவம்? தனி என்றாலே போதும். பட்ஜெட் செயலியை ‘நிதிநிலைச் செயலி’ ஆக்குவதும் அகராதியின் முதல் பொருளை அப்படியே எடுத்து ஒட்டியதன் விளைவு. விலை குறைந்த செயலி என்று சொல்ல என்ன தடை?

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, செயலி என்ற சொல்லுக்கே நேர்ந்திருக்கிறது. நுண்செயலி, மையச் செயலகம் என்று வன்பொருள் பக்கம் ஒரு குடும்பமே இருந்தது. கைபேசி ஆப்களுக்குச் செய்தித்தாள்கள் அதே பெயரை வைத்தபின், “புதிய செயலி வெளியீடு” என்ற தலைப்பைப் பார்த்தால் சில்லா, மென்பொருளா என்று உள்ளே படித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. ஆப்புக்குக் குறுஞ்செயலி என்று எழுதுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்.