அந்த இடத்தில் ஏன் அந்தப் பாட்டு?

2022ல் 'விக்ரம்' வந்தபோது, 'சக்கு சக்கு வத்திக்குச்சி' என்ற பாட்டைத் தேடிக் கேட்டவர்களில் பலர் அது முதலில் வெளியான 1995ல் பிறந்தே இருக்கவில்லை. 'அசுரன்' என்ற படத்துக்காக ஆதித்யன் இசையமைத்த பாட்டு அது. 2023ல் 'லியோ'வில் 'கரு கரு கருப்பாயி', 2024ல் 'லப்பர் பந்து'வில் 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' என்று பழைய பாட்டுகள் வரிசையாகப் புதுப் படங்களுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன.

தமிழ் சினிமாவுக்கு இது கொஞ்சம் புது வேலை. இங்கே காலங்காலமாக இயக்குநர் சிச்சுவேஷன் சொல்வார், இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார், கவிஞர் வரி எழுதுவார். பாட்டு படத்துக்காகவே பிறக்கும். ஏற்கெனவே இருக்கும் லட்சக்கணக்கான பாடல்களிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுப்பது ஹாலிவுட்டில் தனித் தொழில். அதைச் செய்பவருக்கு மியூசிக் சூப்பர்வைசர் என்று பெயர். 2017 முதல் அந்த வேலைக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருதே உண்டு.

நல்ல ரசனை இருந்தால் போதும், பாட்டுப் பெட்டியைத் திறந்து சரியான பாட்டை எடுத்துவிடலாம் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். நடப்பதோ பெரும்பாலும் கழித்துக் கட்டும் வேலை. காட்சிக்குப் பொருந்தாதவை, வசனத்தோடு மோதுபவை, அனுமதி கிடைக்காதவை, விலை கட்டுப்படியாகாதவை எல்லாம் போன பிறகு மிஞ்சுவதுதான் நம் காதில் விழுகிறது.

முதல் வடிகட்டல் எடிட்டரின் அறையில் நடக்கிறது. காட்சியை வெட்டும்போது வெறுமையாகப் பார்க்க முடியாது என்பதால், கையில் கிடைத்த ஏதாவது ஒரு பாட்டைத் தற்காலிகமாகப் போட்டுக்கொள்வார்கள். டெம்ப் டிராக் என்பது அதுதான். சிக்கல் என்னவென்றால், அதே பாட்டோடு நூறு தடவை பார்த்த இயக்குநருக்கு அப்புறம் வேறு எதைப் போட்டாலும் பிடிக்காது. ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்தித்தாலே அதன்மேல் விருப்பம் கூடும் என்பதை ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968லேயே எழுதிவிட்டார். அதே 1968ல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'க்கு அலெக்ஸ் நார்த் பின்னணி இசை எழுதிக் கொடுத்திருந்தார். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கோ தற்காலிகமாகப் போட்டுப் பார்த்த செவ்வியல் இசையையே வைத்துக்கொண்டார். தன் இசையில் ஒரு துளிகூட இல்லை என்பது படத்தைப் போய்ப் பார்த்தபோதுதான் நார்த்துக்குத் தெரிந்தது.

எடிட்டருக்குக் கணக்கும் உண்டு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்குச் சரியாக 12 ஃபிரேம். 90 தட்டு என்றால் 16. இப்படி முழு எண்ணாக வந்தால் ஒவ்வொரு வெட்டையும் தாளத்தின் மேலேயே வைக்கலாம். 100 தட்டு என்றால் 14.4 ஃபிரேம், அங்கங்கே ஒரு ஃபிரேம் முன்னே பின்னே தள்ளிச் சமாளிக்க வேண்டும். பார்ப்பவருக்கு அது தெரியப்போவதில்லை, ஆனால் எடிட்டரின் தூக்கம் போய்விடும்.

வசனம் இன்னொரு வில்லன். மனிதப் பேச்சைப் புரிந்துகொள்ளத் தேவையான ஒலி பெரும்பாலும் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். பழைய தொலைபேசி இணைப்புகள் அந்த அளவைத்தான் கடத்தின. பாடகரின் குரலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இரண்டு குரல்கள் ஒரே அலைவரிசைப் பகுதியில் சேர்ந்து வந்தால் ஒன்று மற்றதை மறைக்கும். சத்தத்தைக் குறைத்தாலும் வார்த்தைகள் கவனத்தைப் பிடித்து இழுக்கும். அதனால்தான் நீண்ட முன்னிசை உள்ள பாட்டுகளுக்கும், குரல் நீக்கிய பதிப்பு கைவசம் உள்ள பாட்டுகளுக்கும் மவுசு. எத்தனையோ அருமையான பாட்டுகள் எடுத்த எடுப்பிலேயே பல்லவி தொடங்குகிற ஒரே காரணத்துக்காகத் தோற்றுப்போகின்றன.

சரி, இவ்வளவு பாடுபட்டு ஒரு பாட்டைச் சேர்ப்பதால் காட்சி உண்மையிலேயே மாறுகிறதா? 1988ல் சாண்ட்ரா மார்ஷல், அனாபெல் கோஹன் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் அங்குமிங்கும் நகரும் ஒரு சின்ன அனிமேஷன் படம், அவ்வளவுதான். அதையே வெவ்வேறு இசையோடு காட்டியபோது, எந்த வடிவம் துறுதுறுப்பாக இருக்கிறது என்று பார்வையாளர்கள் சொன்னது மாறியது. படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. இசையின் அசைவோடு எந்த வடிவத்தின் அசைவு ஒத்துப்போகிறதோ, கவனம் அதன் மேல் குவிகிறது. இசையின் உணர்ச்சியும் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

விளம்பரக்காரர்கள் மேற்கோள் காட்ட விரும்புவது வேறொரு சோதனையை. 1982ல் ஜெரால்ட் கோர்ன் மாணவர்களுக்கு ஒரு பேனாவின் படத்தைக் காட்டினார். சிலருக்குப் பிடித்தமான ஒரு சினிமாப் பாட்டு, சிலருக்குப் பிடிக்காத இசை. முதல் குழுவில் 79 சதவீதம் பேர் படத்தில் பார்த்த நிறப் பேனாவையே எடுத்துக்கொண்டார்கள். மற்றதில் 30 சதவீதம்தான். 'பிடிக்காத இசை' என்று அவர் தேர்ந்தெடுத்தது இந்தியச் செவ்வியல் இசை! மயிலாப்பூரில் செய்திருந்தால் விடை தலைகீழாகியிருக்கலாம். போகட்டும், 1989ல் வேறு இருவர் இதே சோதனையைச் செய்து பார்த்தபோது அந்த விளைவு வரவில்லை. பிடித்த பாட்டைப் போட்டால் பொருள் விற்கும் என்பது அவ்வளவு நேரான கணக்கு அல்ல.

பழைய பாட்டுக்கு இன்னொரு பலம் நினைவு. பத்து வயதிலிருந்து இருபதுகள் வரை கேட்ட பாட்டுகள் மற்றவற்றைவிட ஆழமாகப் பதிகின்றன என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்று படம் எடுப்பவர்களில் பலர் தொண்ணூறுகளில் பள்ளிக்குப் போனவர்கள். அவர்கள் படங்களில் தேவாவின் தேனிசைத் தென்றல் வீசுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

இதையெல்லாம் தாண்டி ஒரு பாட்டு தேர்வாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனிமேல்தான் காகித வேலை. பல பாட்டுகள் செத்துப்போவது இங்கேதான்.

சட்டத்தின் கண்ணில் பாட்டு என்பது ஒரே பொருள் அல்ல. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வரிகள் ஒரு படைப்பு, மெட்டு ஒரு படைப்பு, ஒலிப்பதிவு மூன்றாவது படைப்பு. மூன்றும் மூன்று பேர் கையில் இருக்கலாம். அமெரிக்காவில் மெட்டும் வரியும் சேர்ந்ததற்கு, அவற்றின் உரிமையைக் கவனிக்கும் இசைப் பதிப்பாளரிடம் ஓர் அனுமதி, ஒலிப்பதிவுக்கு அதை வைத்திருக்கும் நிறுவனத்திடம் இன்னோர் அனுமதி. ஒருவர் மறுத்தாலும் பாட்டு கிடையாது. அவருக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு என்று இரு தரப்பும் நிபந்தனை போடுவது வழக்கம்; ஒருவருக்கு உயர்த்தினால் மற்றவருக்கும் தானாக உயரும்.

கேட் புஷ் 1985ல் வெளியிட்ட 'ரன்னிங் அப் தட் ஹில்' பாட்டை 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் சேர்க்க, அதன் மியூசிக் சூப்பர்வைசர் நோரா ஃபெல்டர் பாட்டு வரும் காட்சிகளின் விவரத்தை எழுதி அனுப்பினார். கேட் புஷ் எளிதில் சம்மதிப்பவர் அல்ல. ஆனால் அந்தத் தொடரை அவர் ஏற்கெனவே ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவும் அவருக்கே சொந்தம் என்பதால் சம்மதம் சிக்கலில்லாமல் முடிந்தது. 1985ல் பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை போன அந்தப் பாட்டு 2022 ஜூனில் முதலிடத்துக்கு வந்தது.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. 'மஞ்சும்மல் பாய்ஸ்' கதை நடப்பது கொடைக்கானலில் குணா குகையில். அந்தக் குகைக்குப் பெயர் தந்ததே 1991ல் வந்த 'குணா' படம். 'கண்மணி அன்போடு காதலன்' தவிர வேறு எந்தப் பாட்டும் அங்கே நிற்காது. படம் வெற்றி பெற்றபின் 2024 மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. உரிமை வைத்திருந்த நிறுவனங்களிடம் முறையாக அனுமதி வாங்கியதாகத் தயாரிப்பாளர் தரப்பு பதில் சொன்னது. பழைய தமிழ்ப் படங்களில் தயாரிப்பாளர், ஆடியோ கம்பெனி, இசையமைப்பாளர் மூவருக்கும் இடையே போட்ட ஒப்பந்தத்தில் எது யாருக்குப் போனது என்பதிலேயே தகராறு இருப்பதால், கதவைத் தட்ட வந்தவர் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்கிறார்.

இது புதிய சண்டையும் அல்ல. 1948ல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதியின் 'தூண்டிற் புழுவினைப்போல்' பாட்டைச் சேர்த்தபோது, பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை வாங்கி வைத்திருந்த ஏவி. மெய்யப்பன் எதிர்த்தார். 1949ல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துரிமையை வாங்கியது. 1950களில் அவை எல்லோருக்கும் பொதுவாயின.

விளம்பரத்தில் சுற்றுவழிகள் அதிகம். ஓசூரில் தயாராகும் டைட்டன் கடிகாரங்களின் விளம்பர இசை, மொஸார்ட் 1773ல் எழுதிய 25ஆம் சிம்பொனியிலிருந்து வந்தது. மெட்டுக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். புதிதாக வாசித்துப் பதிவு செய்தால் போதும். பதிப்புரிமை உள்ள பாட்டையும் வேறொருவரைப் பாடவைத்தால் அசல் ஒலிப்பதிவுக்குப் பணம் தர வேண்டாம். ஆனால் ஃபோர்டு கார் விளம்பரத்துக்கு அமெரிக்கப் பாடகி பெட் மிட்லர் பாட மறுத்தபோது, விளம்பர நிறுவனம் அவரிடம் முன்பு பின்னணி பாடிய பெண்ணை அழைத்து அச்சு அசலாக அவர் மாதிரியே பாடச் சொன்னது. பாட்டுக்கு அனுமதி வாங்கியிருந்தும், புகழ்பெற்ற ஒரு குரலைத் திட்டமிட்டு நகலெடுப்பது தவறு என்று 1988ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பிறகு ஜூரி மிட்லருக்கு நான்கு லட்சம் டாலர் தரச் சொன்னது.

அனுமதி கிடைத்துப் படமும் வந்துவிட்டால் கடைசியாக ஒரு தாள் மிஞ்சும். எந்தப் பாட்டு, எழுதியவர் யார், இசை யார், எத்தனை நொடி, முன்னணியிலா பின்னணியிலா என்று பட்டியலிடும் கியூ ஷீட். தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும்போது ராயல்டி பிரிவது இதை வைத்துத்தான். இந்தியாவில் அதை வசூலிப்பது பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள், பதிப்பாளர்களின் சங்கமான ஐபிஆர்எஸ். பழைய தமிழ்ப் பாட்டு ஒன்றை இணையத்தில் தேடினால் நடிகர் பெயர் வரும், பாடியவர் பெயர் வரும். எழுதியவர் பெயர் பல இடங்களில் இருக்காது, அல்லது தப்பாக இருக்கும். அதைப் பார்த்து நிரப்பிய தாளில் கவிஞரின் பங்கு இன்னொருவர் கணக்கில் போய்ச் சேரும்.