பால்ஸ் சீலிங்குக்கு மேலே பார்த்தீர்களா?

நாகர்கோவிலில் ஒரு பழைய ஜவுளிக்கடையை லாட்ஜாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியை அறைகளிலிருந்து பிரிக்கும் சுவருக்கு, வரைபடத்தில் ‘பழைய சுவர், 2 மணி நேரம்’ என்று எழுதியிருந்தது. அதாவது, 2 மணி நேரம் தீயைத் தாங்குமாம். ஏணி போட்டு பால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையைத் தூக்கி டார்ச் அடித்தேன். சீலிங்குக்கு ஒரு சாண் மேலேயே சுவர் முடிந்துவிட்டது. அதற்கு மேல் கான்கிரீட் தளம் வரை ஒன்றரை அடி வெறும் சந்து. புகைக்கு இது போதும்.

அந்த 2 மணி நேரம் சோதனை உலையில் வரும் கணக்கு. சுவரின் ஒரு பக்கத்தைச் சூடேற்றுவார்கள்: 30 நிமிடத்தில் சுமார் 840 டிகிரி செல்சியஸ், 120 நிமிடத்தில் 1,050. அதுவரை சுவர் சாயக் கூடாது, விரிசலில் தீ எட்டிப்பார்க்கக் கூடாது, மறுபக்கத்தின் சராசரிச் சூடு தொடக்கத்தில் இருந்ததைவிட 140 டிகிரிக்கு மேல் கூடக் கூடாது.

செங்கல் சூளையில் வெந்து வந்தது, அதற்கு இது பழகிய சூடு. ஜிப்சம் போர்டின் வித்தை வேறு. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு படிகத்துக்குள் பூட்டிய தண்ணீர். அது ஆவியாகித் தீரும்வரை பின்பக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆனால் இரண்டு பருவமழையும் பெய்யும் குமரியில், ஒழுகும் மொட்டை மாடிக்குக் கீழே ஊறி உதிரும் போர்டை நம்ப முடியாது.

அப்புறம் சுவரில் குழாய்க்கும் வயருக்கும் போட்ட துளைகள். பிவிசி குழாய் தீயில் உருகினால் அந்த இடம் ஓட்டைதான். சூட்டில் உப்பி அடைக்கும் வளையம் அதற்கென்றே இருக்கிறது. நம் ஆட்கள் அடிப்பதோ சாதாரண ஃபோம், அதுவே எரியும்.

சரி, யார் சரிபார்ப்பது? ‘ஏற்கெனவே இருந்ததுதானே’ என்பார் கான்ட்ராக்டர். என் கணக்கு இது: அந்தச் சுவரை நம்பி வரைபடத்தில் கையெழுத்துப் போடும் இன்ஜினியர்தான் பார்க்க வேண்டும். துளை போட்டவர் அடைக்க வேண்டும். திறந்து பார்க்கும் செலவு உரிமையாளருக்கு. இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் சண்டை இல்லை. பழைய வரைபடம் சாட்சியாகாது. அதற்குப் பிறகு எத்தனை ஏசி மெக்கானிக் துளை போட்டாரோ!

பூச்சுக்குள்ளே இருப்பது செங்கலா, வெட்டுக்கல்லா, ஹாலோ பிளாக்கா என்று அறிய ஒரு சுவிட்ச் பெட்டியைக் கழற்றினாலே பாதி தெரிந்துவிடும். பொருளும் கனமும் தெரிந்தால், தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் 4ஆம் பகுதியில் உள்ள, சுவர்கள் தீயைத் தாங்கும் நேர அட்டவணையோடு ஒப்பிடலாம்.

அந்த லாட்ஜில் சுவரைத் தளம்வரை செங்கல் வைத்து ஏற்றினார்கள். கொத்தனாருக்கு ஒன்றரை நாள் வேலை.