புது இன்சுலின், கையில் சென்சார்: நடுராத்திரி 58 எதனால்?

நடுராத்திரி இரண்டரை மணிக்கு போன் அலறியது. அம்மாவின் இடது மேல்கையில் ஒட்டியிருந்த, சர்க்கரை அளவைக் காட்டும் சென்சார், 58 என்று சர்க்கரை மிகவும் தாழ்ந்திருப்பதாகக் காட்டியது. இன்சுலின் பிராண்டு மாற்றி அன்றோடு நாலு நாள். "அந்தப் புது ஊசிதான்டா, நான் அப்பவே வேண்டாம்னு சொன்னேன்" என்று எழுந்து உட்கார்ந்தார் அம்மா. சர்க்கரைத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலில் குத்திப் பார்த்தேன். குளுக்கோமீட்டர் 112 என்றது.

மாற்றிய இன்சுலின்மேல் அம்மாவுக்கு இருந்த பயத்தைக் குறை சொல்ல முடியாது. அவர் போடுவது கிளார்ஜின், ராத்திரி ஒரு முறை, 18 யூனிட். 51 அமினோ அமிலங்கள் கொண்ட மனித இன்சுலினில் ஒன்றை மாற்றி, இரண்டைக் கூடுதலாகக் கோத்தால் கிளார்ஜின். பேனாவுக்குள் அமிலத் திரவத்தில் தெளிந்த நீர் மாதிரி இருக்கும். தோலுக்கடியில் போனதும் அமிலம் முறிந்து, இன்சுலின் நுண்ணிய துகள்களாக அங்கேயே படிந்துவிடும். அந்தப் படிவு சிறுகச் சிறுகக் கரைவதால்தான் ஒரு ஊசி ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கத் தாங்குகிறது.

பாராசிட்டமால் மூலக்கூறில் 20 அணுக்கள். யார் தயாரித்தாலும் அதே 20 அணுக்கள்தான். மனித இன்சுலினில் 788. இதை உயிருள்ள செல்களை வைத்துத்தான் வளர்த்தெடுக்கிறார்கள். கிளார்ஜினில் முதலில் வந்த பிராண்டான லான்டஸ், ஈ.கோலை பாக்டீரியாவில் உருவாவது. பெங்களூரு பயோகான் நிறுவனத்தின் கிளார்ஜின் ஒருவகை ஈஸ்ட்டில் உருவாவது. ஒரே கடை அரிசி, ஒரே உளுந்து என்றாலும் வீட்டுக்கு வீடு மாவு புளிக்கும் விதம் மாறுகிறதே, அதுபோல இங்கேயும் வேறுபாடு வர வாய்ப்பு உண்டு. அதனால் 'இதுவும் அதுதான்' என்று சொன்னால் போதாது, நிரூபித்துக் காட்டவேண்டும். நிரூபித்தால் அதன் பெயர் பயோசிமிலர்.

நிரூபிக்கும் முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கிளாம்ப் சோதனை. ஒருவருக்கு இன்சுலின் போட்டுவிட்டு, ரத்தச் சர்க்கரை ஒரே அளவில் நிற்கும்படி ரத்தக் குழாய் வழியாகக் குளுக்கோஸை ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். இன்சுலின் வேகமாக வேலை செய்தால் அதிகக் குளுக்கோஸ் தேவைப்படும், தணிந்தால் குறைவாகப் போதும். எந்த மணியில் எவ்வளவு ஏற்றினோம் என்று வரைந்தால், அந்த இன்சுலின் நாள் முழுக்க எப்படி நடந்துகொண்டது என்பது கோடாக வந்துவிடும். பழையதன் கோடும் புதியதன் கோடும் ஒத்துப்போக வேண்டும். இதோடு மூலக்கூறு அமைப்புச் சோதனை, நோயாளிகளிடம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த ஆய்வு எல்லாம் முடிந்துதான், 2021 ஜூலையில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., பயோகானின் கிளார்ஜினான செம்க்ளீயை லான்டஸுக்குப் பதிலாகக் கொடுக்கலாம் என்றது. அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இன்சுலின் அதுதான்.

மாற்றும்போது நிஜமாகவே பயப்பட வேண்டிய இடம் வேறு. நம் ஊரில் சாதாரண மனித இன்சுலின் பாட்டிலில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். கிளார்ஜினில் 100. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். கிளார்ஜினிலேயே ஒரு மில்லிக்கு 300 யூனிட் உள்ள பேனாவும் இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் மாற்றவே கூடாது. கேட்டு மாற்றினாலும் அட்டையில் உள்ள அந்த எண்ணை ஒரு முறை படித்துவிடுங்கள்.

சரி, 58 எப்படி வந்தது? சென்சாரின் மெல்லிய இழை ரத்தக் குழாயைத் தொடுவதே இல்லை. தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே ஊறியிருக்கும் நீரில் அது நிற்கிறது. இழையின் மேல் பூசிய என்சைம் குளுக்கோஸோடு வினைபுரியும்போது பிறக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கருவி எண்ணாக மாற்றுகிறது. அந்த நீருக்குக் குளுக்கோஸ் ரத்தத்திலிருந்துதான் வரவேண்டும். அதனால் சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும்போது சென்சார் சில நிமிடங்கள் பின்தங்கும். அந்தக் கையின் மேலேயே படுத்தால் அழுத்தத்தில் அங்கே ரத்த ஓட்டம் குறையும், இழையைச் சுற்றிக் குளுக்கோஸ் வற்றும். ரத்தத்தில் 112 இருக்கும்போதே சென்சாருக்கு 58-தான் தெரியும்.

அம்மா இடது பக்கம் ஒருக்களித்துத்தான் தூங்குவார்.

மறுநாள் காலை அந்த ராத்திரியின் கிராஃபை அம்மாவிடம் காட்டினேன். நிஜமான லோ சுகர் பொதுவாகச் சரிவில் இறங்குவதுபோல வரும். இதுவோ கிணற்றில் கல் போட்ட மாதிரி செங்குத்தாக விழுந்து, அவர் எழுந்து உட்கார்ந்த சிறிது நேரத்தில் அதே வேகத்தில் ஏறியிருந்தது. எண்ணும் உடம்பும் ஒத்துப்போகவில்லை என்றால் விரலில் குத்திப் பார்த்துவிடுவது நல்லது. வியர்வை, நடுக்கம் இருந்தால் முதலில் சர்க்கரை, அப்புறம்தான் சோதனை.

அடுத்த சென்சாரை வலது கையில் ஒட்டினோம். அடுத்த இரண்டு வாரக் கிராஃபைப் பழைய ஊசி போட்டபோது எடுத்த கிராஃபோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார் டாக்டர். ராத்திரிக் கோடுகள் இரண்டும் 100-க்கும் 130-க்கும் நடுவில் ஒன்றுபோல ஓடின. 18 யூனிட்டை அவர் மாற்றவில்லை.