அடர்த்தி

ஊட்டியில் நீலகிரித் தைலம் வாங்கும்போது கடைக்காரர் சொன்னார்: "எங்க தைலம் நல்ல கனம் சார், தண்ணியா இருக்காது." வீட்டுக்கு வந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டேன். மிதந்தது. கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையைக் காய்ச்சுகிற கொட்டகையில் போய்ப் பார்த்தாலும் இதே கதைதான். ஆவி குளிர்ந்து டிரம்மில் விழுந்ததும் தைலம் மேலே, தண்ணீர் கீழே. அதனால்தான் இரண்டையும் பிரித்தெடுக்க முடிகிறது.

வம்பு 'கனம்' என்ற சொல்லில் இருக்கிறது. எடையும் கனம், பலகையின் தடிமனும் கனம், நீள அகல உயரத்தைப் பெருக்கினால் கன அடி. இந்தியில் இதே வேரிலிருந்து 'கனத்வ' என்று வைத்துக்கொண்டார்கள். நம் பாடநூல்கள் 'அடர்த்தி'க்குப் போனது நல்ல தேர்வு.

வளர், வளர்த்தி போல அடர், அடர்த்தி. அடர்தல் என்றால் நெருங்குதல்; அடர்ந்த சோலை, அடர்ந்த முடி. ஆங்கிலத்தில் டென்சிட்டி என்பதன் லத்தீன் மூலமான 'டென்சஸ்' என்பதற்கும் நெருக்கமானது என்றே பொருள். பழந்தமிழில் 'அடர்' தகட்டையும் குறிக்கும். புறநானூற்றில் பாணர் சூடும் 'அடர் தாமரை', தகடாகத் தட்டிய பொன்னில் செய்தது. எவ்வளவு மெலிதாகத் தட்டினாலும் பொன்னின் அடர்த்தி மட்டும் கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம்தான். தடிமன் வேறு, அடர்த்தி வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அறிவியலில் அடர்த்தி என்பது நிறையைக் கன அளவால் வகுத்தால் வருவது. அளக்க ஒரு குப்பியும் கிராம் தராசும் போதும். என் காலிக் குப்பி 62 கிராம். கழுத்துவரை தண்ணீர் ஊற்றினால் 112, துடைத்துவிட்டு அதே கோடுவரை தைலம் ஊற்றினால் 107.5. தைலம் 45.5, தண்ணீர் 50, வகுத்தால் 0.91. தண்ணீரோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் இந்த எண்ணுக்கு ஒப்படர்த்தி என்று பெயர். அலகு கிடையாது. நல்ல தைலத்துக்கு ஏறக்குறைய இந்த எண்தான் வரும். மண்ணெண்ணெய் கலந்தால் இறங்கும். ஆனால் கலப்படக்காரர் கனமான இன்னொன்றையும் சேர்த்து எண்ணைச் சரிக்கட்டிவிடலாம். இதை மட்டும் நம்பிவிடக் கூடாது.

இங்கே வழக்கும் அறிவியலும் முட்டிக்கொள்ளும் இடம் மூடுபனி. 'அடர் பனிமூட்டம்' என்று செய்தியில் வாசிக்கிறோம். எதிரே வரும் பஸ் தெரியாத பனியிலும் ஒரு கன மீட்டருக்குள் உள்ள துளிகளைக் கூட்டினால் பெரும்பாலும் ஒரு கிராம் தேறாது. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றே மெலிந்துதான் இருக்கிறது: கன மீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு, சென்னையில் சுமார் 1.15 கிலோ. துளிகள் நெருங்கி நிற்பதைச் சொல்வதால் 'அடர்' என்ற பழைய பொருளில் செய்தி சரி, பௌதிகத்தில் இல்லை.

கடைக்காரர் சொல்ல வந்தது செறிவு. குறிப்பிட்ட அளவு தைலத்தில் வாசனைச் சரக்கான சினியோல் எவ்வளவு என்பது. அடுத்த முறை போனபோது 0.91 என்ற கணக்கைச் சொன்னேன்.

"அது கூடவா சார், கம்மியா?" என்று கேட்டுவிட்டு, மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார்.